அழுகை வராமல் போன செவிலியருக்கு

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். தொகுப்பூதியப் பணி. மூன்று மாதங்களுக்கு முன் தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் ஒரு தாயையும் குழந்தையையும் கொண்டுவந்தார்கள். குழந்தை என் கையிலேயே போய்விட்டது. தாயைச் சேலத்துக்கு ரெஃபர் செய்தோம். அன்று எனக்கு அழுகை வரவில்லை. அதன் பிறகு எதற்குமே வரவில்லை. உறவினர்கள் கதறும்போது எரிச்சல்தான் வருகிறது. என்னோடு படித்த தோழி அதே வார்டில் சிரித்த முகத்தோடு வேலை செய்கிறாள். நான் இந்த வேலைக்கு லாயக்கற்றவளாகிவிட்டேனா? விட்டுவிடலாமா?

பதில்:

தங்கைக்கு,

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் பணிபுரிந்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவள் நான். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய சொல் ‘எரிச்சல்’. அழுகை வரவில்லை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எரிச்சல் வருகிறது என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. எனக்கும் வந்திருக்கிறது. மகனை இழந்து தரையில் புரண்ட ஒரு தாயிடம், “வழியை விட்டுத் தள்ளி உட்காருங்கள் அம்மா” என்று கடுமையாகச் சொன்னேன். சொன்ன குரல் என்னுடையதுதானா என்று வீட்டுக்குப் போகும்வரை யோசித்துக்கொண்டே போனேன். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நல்ல செவிலியராகவே இருந்தேன். ஆகவே லாயக்கைப் பற்றிய உங்கள் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

உங்களுக்கு நேர்ந்திருப்பதற்குப் பெயர் இருக்கிறது. நான் பணியில் சேர்ந்த அதே 1992-இல், கார்லா ஜாய்ன்சன் என்பவர், செவிலியருக்கான ஒரு மாத இதழில் ‘கம்பாஷன் ஃபட்டீக்’ என்ற சொல்லைப் பயன்படுத்தி எழுதினார். நாம் அதைப் பரிவுச் சோர்வு என்று சொல்லலாம். அவர் அந்தச் சொல்லைப் பொருத்திப் பார்த்தது அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவர்களிடம்தான் என்பதைக் கவனியுங்கள். பிறகு 1995-இல் உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி, துன்பப்பட்டவர்களுக்கு உதவுகிறவர்களிடமும் அந்தத் துன்பம் இறங்குகிறது என்று விரிவாக விளக்கினார். விபத்து உங்களுக்கு நடக்கவில்லை. ஆனால் அதன் சத்தம், ரத்த வாடை, அந்தக் குழந்தையின் எடை எல்லாம் உங்கள் உடம்பில் பதிந்திருக்கின்றன. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள உணர்ச்சிக்கு வரும் வழியை அடைத்துவிட்டது. அடைத்த கதவுக்கு உள்ளே நிற்கிறீர்கள். உள்ளே ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள்.

பணிச்சோர்வு வேறு. ‘பர்ன்அவுட்’ என்று 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் எழுதியது, கிறிஸ்டினா மாஸ்லாக் பிறகு அளவுகோல் செய்து தந்தது அது. ஆள் பற்றாக்குறை, சம்பளம், தூக்கமின்மை, மேலே இருப்பவர் காது கொடுக்காதது ஆகியவற்றால் துருப்பிடிப்பதுபோல மெல்ல மெல்ல வருவது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் அதை நோய் என்று சொல்லாமல், வேலையால் விளையும் நிலை என்றே வகைப்படுத்தியது. பிறருடைய பேரதிர்ச்சி நமக்குள் இறங்குவதோ ஒரே இரவில் நடக்கக்கூடியது. உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். நான்கு ஆண்டுகளாகத் துரு ஏறிய தகரத்தில் அந்த ஒரு நாள் இடித்துவிட்டுப் போயிருக்கிறது.

இதை அளந்து பார்க்க பெத் ஹட்நல் ஸ்டாம் உருவாக்கிய கேள்வித்தாள் உலகெங்கும் பயன்படுகிறது. 30 வாக்கியங்கள். கடந்த 30 நாட்களை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண் போடவேண்டும். பத்து வாக்கியங்கள் பணிச்சோர்வைப் பற்றியவை, பத்து பிறர் அதிர்ச்சி இறங்கியிருப்பதைப் பற்றியவை. மீதிப் பத்தும் பரிவின் நிறைவைப் பற்றியவை, அதாவது பிறருக்கு உதவ முடிந்ததால் கிடைக்கும் மகிழ்ச்சியைப் பற்றியவை. ஒவ்வொரு பகுதியிலும் கூட்டுத்தொகை 22 அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைவு, 42 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம், இடைப்பட்டது நடுத்தரம். இது நோயைக் கண்டறியும் சோதனை ஆகாது. நம் நிலைமையை நாமே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம் செய்ததில் நான் மதிப்பது, சோர்வையும் நிறைவையும் தனித்தனியே எண்ணியதுதான். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆகவேண்டும் என்றில்லை. இரண்டும் ஒருவரிடமே ஒரே மாதத்தில் நடுத்தரமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். உங்கள் தோழியின் சிரிப்பை அப்படிப் பாருங்கள். அவளுக்குச் சோர்வே இல்லை என்று அந்தச் சிரிப்பு சொல்லவில்லை. அவளுக்கு எங்கிருந்தோ நிறைவும் வந்துகொண்டிருக்கலாம். எங்கிருந்து என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2011 மழைக்காலம். சித்தேரி மலையடிவாரத்திலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவன். விடியற்காலையில் வயிற்றுவலி என்றிருக்கிறான். கடித்த தடம் எதுவும் தெரியவில்லை. கட்டுவிரியன் அப்படித்தான், வலியே தெரியாமல் கடித்துவிட்டுப் போய்விடும். எங்களிடம் வரும்போது இமை இரண்டும் தொங்கிவிட்டன. சிறிது நேரத்தில் கழுத்து நிற்கவில்லை. பிறகு மூச்சும் ஓய ஆரம்பித்தது. விஷமுறிவு மருந்து போட்டாலும், செயலிழந்த தசைகள் உடனே திரும்பிவிடாது. அதுவரை யாராவது அவனுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கவேண்டும். மருத்துவர் குழாய் போட்டார். கையால் அழுத்தி மூச்சு ஊட்டும் அம்பு பையை நான் பிடித்தேன். நான் இருந்த அந்தச் சிறிய மருத்துவமனையில் அப்போது வென்டிலேட்டர் கிடையாது. 108-இல் ஏறி, அரூரிலிருந்து சேலம் வரை வழி முழுவதும் அழுத்திக்கொண்டே போனேன். சேலத்தில் அவசரப் பிரிவு வாசலில் கைமாற்றினேன். ஆம்புலன்ஸ் உடனே திரும்பியது. விரல்கள் மடங்கவில்லை. வார்டுக்கு வந்தால் அடுத்த நோயாளி.

அவன் பிழைத்தானா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. பதினொரு நாள் கழித்து, வேறொரு நோயாளியை இறக்க வந்த 108 டெக்னீசியன் போகிற போக்கில், “அந்தப் பையன் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டான், சிஸ்டர்” என்றார். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பதினொரு நாளும் நான் அவனை இறந்தவர்கள் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான். நம் மாவட்டங்களில் ஒரு செவிலியருக்குத் துக்கம் முழுதாக வந்து சேர்கிறது, நல்ல சேதி வந்து சேர்வதில்லை. இறந்தவர் நம் கண்முன்னால் இறக்கிறார். அவருக்கு நாம்தான் குழாயைக் கழற்றுகிறோம், கண்ணை மூடுகிறோம், தாடையைக் கட்டுகிறோம். பிழைக்கக்கூடியவரோ சேலத்துக்குப் போகிறார். தலையில் அடிபட்டிருந்தால் பெங்களூருக்குப் போகிறார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் யானை மிதித்தவர்களைக்கூட முதலுதவியோடு அனுப்பிவிட வேண்டியிருக்கிறது. நம்மிடமே குணமானவர் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு பென்னாகரம் பஸ் ஏறிவிடுகிறார். பிழைத்தவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள், இறந்தவர்கள் நம்மோடு தங்கிவிடுகிறார்கள். இப்படி நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதினால் யாருக்கும், ‘நான் செய்வதில் எதுவுமே நிற்பதில்லை’ என்றுதான் தோன்றும். உங்கள் மனம் தன்னிடம் வந்த கணக்கைச் சரியாகத்தான் கூட்டியிருக்கிறது. பாதிச் சீட்டுகள் அதற்கு வந்து சேரவில்லை.

பரிவு அதிகமானால் தீர்ந்துவிடும், ஆகவே அளவோடு வைத்துக்கொள்ளவேண்டும் என்று நினைப்பவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும். டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் செய்தது, 2014-இல் வெளிவந்தது. பிறர் துன்பப்படும் காட்சிகளைக் காட்டி, முதலில் அந்தத் துன்பத்தைத் தானும் உணரும்படி பயிற்சி கொடுத்தார்கள். பங்கேற்றவர்களின் மனம் மேலும் மேலும் கனத்தது. பிறகு அதே மக்களுக்கு, துன்பப்படுகிறவர் நலமாக வேண்டும் என்று நினைக்கும் பயிற்சி கொடுத்தபோது மனம் தெளிந்தது. மூளையில் வேலை செய்த இடங்களும் வேறாக இருந்தன. ‘பரிவுச் சோர்வு’ என்ற பெயரே பிழை, சோர்வது பரிவு அல்ல, செய்ய ஒன்றுமில்லாமல் உடன் துன்புறுவதுதான் சோர வைக்கிறது என்று இவர்கள் வாதிடுகிறார்கள். என் அனுபவம் இவர்கள் பக்கம் நிற்கிறது. ‘ஐயோ’ என்று நெஞ்சு நின்றுவிடுகிற இடத்தில்தான் வலி தேங்குகிறது. ‘இப்போது இவருக்கு என்ன செய்யலாம்’ என்று கை நகர்ந்துவிட்டால், அது ஒரு போர்வையை இழுத்து விடுவதாக இருந்தாலும், வலிக்குப் போக வழி கிடைத்துவிடுகிறது.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். “மனதைக் கல்லாக்கிக்கொள்” என்று எனக்குச் சீனியர்கள் சொன்னார்கள். நானும் பல இளையவர்களுக்கு அதையே சொன்னேன். தப்பான அறிவுரை அது. கல்லானால் துக்கம் உள்ளே போகாது, உண்மைதான். பதினொன்றாம் நாள் வந்த அந்தச் சேதியும் உள்ளே போகாது. கல்லாக்கிக்கொண்டவர்கள் நீண்ட காலம் தாங்கியதை நான் பார்த்ததில்லை. தாங்கியவர்கள், ஊசி போடும்போதே “எந்த ஊர், அங்கே மழை உண்டா, இந்த ஆண்டு மாங்காய் என்ன விலைக்குப் போனது” என்று கேட்டவர்கள். அவர்கள் முன்னால் படுத்திருந்தது ஒரு பெட் எண் அல்ல, காரிமங்கலத்தில் அரை ஏக்கர் தக்காளி போட்டிருந்த ஒரு மனிதர். அவர் தேறினால் தேறியது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு, குறை உங்கள் மனப்பழக்கத்தில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிப்படி, கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் இருக்கவேண்டும். நீங்கள் நேற்று இரவு எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் வேலை செய்த வார்டுகளில் அந்த எண்ணிக்கையை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. பன்னிரண்டு மணி நேர நைட் டியூட்டி முடித்து வீட்டுக்குப் போனால் அடுப்பு காத்திருக்கிறது, பிள்ளையின் வீட்டுப்பாடம் காத்திருக்கிறது, “சிஸ்டர், கொஞ்சம் பி.பி. பாருங்கள்” என்று தெருவும் காத்திருக்கிறது. அடுத்த ஆண்டு வேலை நிரந்தரமா என்பதும் தெரியாது. பரிவின் நிறைவு என்பது வெறும் வயிற்றில் முளைக்கும் பயிர் அல்ல. ஆளைக் கூட்டாமல், விடுப்பைக் கொடுக்காமல், மே 12, செவிலியர் தினத்தன்று ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்று மாலை போடுவதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. தேவதைக்குக் களைப்பு வராது என்று ஊர் நம்பிவிட்டால், களைத்தவர் வாய் திறக்கமுடியாமல் போகிறது. எந்த அம்மையாரின் பிறந்த நாளை அன்று கொண்டாடுகிறோமோ, அந்த நைட்டிங்கேலே 1856-இல் கிரிமியப் போரிலிருந்து திரும்பியபின் பல ஆண்டுகள் உடல்நலம் குன்றிப் படுக்கையோடுதான் எழுதிக்கொண்டிருந்தார்.

துக்கத்துக்கு இடம் தராததும் ஒரு குறைதான். ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் மாவட்ட அளவில் ஆய்வு நடக்கிறது. எத்தனை மணிக்கு ரத்தப்போக்கு தொடங்கியது, எப்போது மருந்து கொடுத்தீர்கள், யார் டியூட்டியில் இருந்தது என்று கேட்கிறார்கள். அது தேவைதான், அந்த ஆய்வுகளால் நம் மாநிலத்தில் எத்தனையோ தாய்மார் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் பதினெட்டு நிரம்பாத பெண் ஒருத்தி தன் கையைப் பிடித்துக்கொண்டே போனதைப் பார்த்த செவிலியரிடம், “நீ எப்படியம்மா இருக்கிறாய்?” என்று கேட்க அங்கே ஒரு நாற்காலி கிடையாது. அமெரிக்காவில் பாஸ்டனில் 1997-இல் இதற்கென்றே ஒரு வழக்கம் தொடங்கியது. கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயில் 1995-இல் இறந்தார். தன்னைக் கவனித்தவர்களின் கனிவு தனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவர் எழுதிவைத்ததிலிருந்து பிறந்தது அது. மருத்துவர், செவிலியர், பணியாளர் எல்லோரும் உட்கார்ந்து, சிகிச்சையில் தவறு தேடாமல், தாம் கவனித்த நோயாளி தம் மனதை எப்படிப் பாதித்தார் என்று பேசுகிறார்கள். இன்னொன்று இதைவிட எளிது. வர்ஜீனியாவில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற அவசரப் பிரிவுச் செவிலியர் தொடங்கியது. ஒருவர் இறந்ததும் கட்டிலைச் சுற்றி நிற்கும் எல்லோரும் ஒரு நிமிடம் அமைதியாக நிற்பது. இவர் ஒருவரின் பிள்ளை, இவருக்கு நம்மால் ஆனதைச் செய்தோம் என்று நினைப்பது. அவ்வளவுதான்.

இதை நான் கடைசி ஆண்டுகளில் எங்கள் வார்டில் செய்து பார்த்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முதல் முறை பணியாளர்கள் சங்கடப்பட்டார்கள். மூன்றாம் முறை துப்புரவுப் பணியாளர் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். வெளியே கதறிக்கொண்டிருந்த உறவினர்கள் அதைக் கதவிடுக்கில் பார்த்தார்கள், அன்று எங்கள்மேல் ஒரு சத்தமும் எழவில்லை.

கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி மருந்து அலமாரியில் வைத்தேன். ரெஃபர் ஆனவர்கள், டிஸ்சார்ஜ் ஆனவர்கள் பற்றி யாருக்கு எந்தச் சேதி கிடைத்தாலும் அதில் ஒரு வரி. பெயர் வேண்டாம், ‘ஊத்தங்கரை பாட்டி, கால் புண் ஆறிவிட்டது, சந்தையில் பார்த்தேன்’ என்பதுபோல. சேதி சொல்ல 108 டெக்னீசியன்களும் கிராம சுகாதார செவிலியர்களும் இருக்கிறார்கள், நாம் கேட்டால் போதும். இறந்தவர்களையும் எழுதினோம். நைட் டியூட்டிக்கு வருகிறவர்கள் கைமாற்றம் முடிந்ததும் அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுவார்கள். ஓர் ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தபோது, பிழைத்தவர்களின் வரிகள் மிக அதிகமாக இருந்ததைப் பார்த்து நானே நம்பவில்லை.

இனி உங்கள் உடம்பைப் பற்றிச் சில வரிகள், இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். மூன்று மாதங்கள் என்பது நீண்ட காலம். அந்தக் காட்சி கேட்காமலே கண்முன் வருகிறதா? தொப்பூர் வழியாகப் போகிற பஸ்ஸைத் தவிர்க்கிறீர்களா? தூங்க மாத்திரை தேடுகிறீர்களா? வார்டு மருந்தை எடுத்துத் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஒரு நல்ல செவிலியரை நான் இழந்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். இவற்றில் எதற்காவது ‘ஆம்’ என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சொந்த மருத்துவமனையில் காட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற அச்சம் புரிகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கவேண்டும் என்ற உரிமையைத் தருகிறது. அப்படியும் தயக்கம் என்றால் சேலம் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் அன்றே பேசுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

வேலையை விடுவதா என்று கேட்டீர்கள். நைட் டியூட்டி முடிந்த காலையில் அந்த முடிவை எடுக்காதீர்கள். முதலில் ஆறு மாதம் வேறு பிரிவு கேட்டுப் பாருங்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அதில் வீடு வீடாகப் போய் வலி தணிப்புச் சிகிச்சை தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். சாவுக்கு அருகிலேயே இருக்கும் வேலை, ஆனால் எனக்குத் தெரிந்து அதில் இருப்பவர்கள் அவசரப் பிரிவில் இருப்பவர்களைவிட அமைதியாக இருக்கிறார்கள். ஒரே வீட்டுக்கு மறுபடி மறுபடி போகிறார்கள், வலி குறைந்ததைக் கண்ணால் பார்க்கிறார்கள், போனவருக்காக அந்த வீட்டாரோடு உட்கார்ந்து அழவும் முடிகிறது. அதன்பிறகும் விடத்தான் வேண்டும் என்று தோன்றினால் விடுங்கள். நான்கு ஆண்டுகள் செய்த வேலை செய்ததுதான், அதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக ஒன்று. குழந்தையைப் பற்றி எழுதினீர்கள், அந்தத் தாய் சேலத்துக்குப் போனதோடு நிறுத்திவிட்டீர்கள். அவள் என்ன ஆனாள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். ரெஃபரல் பதிவேட்டில் தேதி இருக்கும். உங்கள் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டு, பகல் டியூட்டி நாளில், தோழியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அந்த மருத்துவமனையின் வார்டுக்குத் தொலைபேசியில் கேளுங்கள். எடுத்துப் பேசப்போவதும் நம்மைப் போன்ற ஒரு சிஸ்டர்தான். “அவரை உங்களிடம் அனுப்பியது நாங்கள்தான், எப்படி இருக்கிறார்?” என்று கேட்டால் போதும், அவருக்குப் புரியும். பதில் என்னவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள்.